அறுபத்திரண்டு கணினிகளுக்கு ஆயுத பூஜை

நாளைத் தேர்ந்தெடுத்தது சம்ரீன்தான். அதனால் வேறு யாரையும் குறை சொல்ல வழியில்லை.

திருவெறும்பூரில் கொதிகலன்களுக்கு உதிரிபாகம் செய்யும் கம்பெனி. அறுபத்திரண்டு கணினிகள். அவற்றைக் கவனிக்க ஒரே ஆள், சம்ரீன். ஆறு வருடம் சென்னையில் விடுதிச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு, நான்கு வருடத்துக்கு முன் இங்கே மாற்றல் வாங்கி வந்தாள். பாலக்கரையில் வீடு. ஸ்கூட்டரில் இருபத்தைந்து நிமிடம்.

ஆகஸ்டில் சென்னைத் தலைமை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. இதுவரை வைரஸைத் தடுக்க ஒரு மென்பொருள், கணினிகளை மேற்பார்வை செய்ய இன்னொன்று. இரண்டும் போகின்றன. இனி ஒன்றுதான். புதியது ஒவ்வொரு கணினியையும் ஒரு மனிதர் பேரில் எழுதிக்கொள்ளும். அந்த மனிதர் ஒருமுறை முகத்தைக் காட்ட வேண்டும். பழையதன் ஆயுள் அக்டோபர் முதல் தேதி மாலை ஆறு மணியோடு முடிகிறது. அதற்குள் பதியாத கணினியைப் புதியது பூட்டிவிடும். எந்த நாளில் பதிவது என்பதை அந்தந்தக் கிளையே முடிவு செய்யலாம்.

சம்ரீன் காலண்டரைப் பார்த்தாள். கம்பெனியில் மூன்று ஷிப்டு. மூன்று ஷிப்டு ஆட்களும் ஒன்றாகக் கூடுகிற நாள் வருடத்தில் ஒன்றுதான். ஆயுத பூஜை. அன்று இயந்திரங்கள் ஓடாது. கணினிகளும் சும்மா இருக்கும். ஆட்கள் கையில் பொரிப் பொட்டலத்தோடு நிற்பார்கள். இதைவிட நல்ல நாள் இல்லை. அக்டோபர் ஒன்று என்று எழுதி அனுப்பினாள்.

தலைமை அலுவலகத்தில் இதற்குப் பொறுப்பு நவநீதன். அவர் போனில் வந்தார்.

"கடைசி நாளையா எடுத்திருக்கீங்க?"

"அன்னிக்குத்தான் சார் எல்லாரும் இருப்பாங்க."

"பாருங்க, ஒரு விஷயம் சொல்லிடுறேன். ஒவ்வொரு கிளையிலயும் ஒரு ஆள் எதுக்குன்னு மேல கேக்குறாங்க. புது சாஃப்ட்வேர்ல எல்லாத்தையும் இங்கிருந்தே பார்த்துடலாமாம்."

"அப்ப நான்?"

"அடுத்த மாசம் சென்னையில வந்து உக்காரணும்."

சம்ரீன் போனை மறு காதுக்கு மாற்றினாள்.

"அறுபத்திரண்டும் ஒழுங்கா பதிஞ்சிருந்தா, கிளைக்கு ஒரு ஆள் வேணும்னு நான் பேசுறேன். ஒண்ணு நின்னாக்கூட என்னால வாயைத் திறக்க முடியாது."

மென்பொருளை எல்லாக் கணினிகளிலும் முந்தின வாரமே இறக்கிவைத்தாள். மிச்சம் இருந்தது இரண்டே வேலை. கணினியை ஒருமுறை அணைத்து ஏற்ற வேண்டும். உரியவர் எதிரில் உட்கார வேண்டும். அறிவிப்பு ஒட்டினாள். ஒரு மணி முதல் பதிவு. எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள்.

அவளுக்கு ஒரு விஷயம் தெரியாது. நான்கு வருடமாக இந்த விடுமுறைக்கு அவள் நாகப்பட்டினத்தில் அக்கா வீட்டுக்குப் போய்விடுவாள். கம்பெனியில் ஆயுத பூஜையை அவள் பார்த்ததே இல்லை.

*

பதினொரு மணிக்கு ஷெட் நிறைந்திருந்தது. வாசலில் வாழைக்கன்று. லேத்துகளுக்கெல்லாம் மாலை. வெல்டர்கள் வேட்டியில் வந்திருந்தார்கள், யாரையும் சட்டென்று அடையாளம் தெரியவில்லை. பிள்ளைகள் பலூனோடு ஓடினார்கள்.

பூஜை செய்பவர் ஃபோர்மேன் பூவரசன். இருபத்தெட்டு வருடமாக அவர்தான். தீபாராதனை முடிந்ததும் தகடு வளைக்கும் பெரிய இயந்திரத்தின் பக்கம் போனார். பொத்தானை அழுத்தினார். உருளைகள் ஒரு சுற்றுச் சுற்றின. எல்லாரும் கைதட்டினார்கள். அணைத்தார். பிறகு ஒவ்வொரு லேத்தையும் ஒரு நிமிடம் ஓட்டி அணைத்தார்கள்.

பிறகு அவர் சுவரோரம் போய் மெயினை இறக்கினார். மின்விசிறிகள் நின்றன.

சம்ரீன் தன் மடிக்கணினியைத் திறந்தாள். அதில் ஒவ்வொரு கணினிக்கும் ஒரு புள்ளி. பதிந்தது பச்சை, பதியாதது சிவப்பு. அறுபத்திரண்டும் சிவப்பு.

"அண்ணே, மெயினை ஏன் எறக்கிட்டீங்க?"

"முடிஞ்சுதேம்மா. இனிமே நாளைக்குத்தான்."

"ஒரு மணிக்கு எனக்குக் கம்ப்யூட்டர் வேணும். நோட்டீஸ் ஒட்டினேனே. நீங்ககூடக் கையெழுத்துப் போட்டீங்க."

"போட்டேன். நீ ஒட்டினா போடாம இருப்பேனா?"

"படிக்கலையா?"

"கம்ப்யூட்டர் சமாச்சாரம். படிச்சா மட்டும் வெளங்கிடப் போவுதா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சம்ரீன் சிரிக்கவில்லை. விஷயத்தைச் சொன்னாள். ஆறு மணி. அறுபத்திரண்டு. சென்னை.

பூவரசன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா? பூஜையில வச்ச பொருள் இன்னிக்கு ஓய்வு எடுக்கணும்மா. நாளைக்குக் காலையில எத்தனை மணிக்கு வேணும்னு சொல்லு, நானே வந்து ஏத்திவிடுறேன்."

"நாளைக்குப் பூட்டிடும்ணே."

"ஒரு நாள் தாங்காதா அது?"

"தாங்காது."

"அப்படி என்ன சாஃப்ட்வேர்."

சம்ரீன் பெரிய இயந்திரத்தைப் பார்த்தாள். அதன் உருளையில் இன்னும் பூ ஒட்டியிருந்தது.

"அதை மட்டும் ஓட்டினீங்களே?"

"அது ஓடி நிக்கணும். ஆரத்தி காட்டினதும் ஒரு தடவை ஓட்டிட்டு அணைக்கிறது முறை. லாரியை எலுமிச்சம்பழத்து மேல ஏத்தி ஒரு ரவுண்டு போறோமில்ல, அது மாதிரி."

"அப்ப கம்ப்யூட்டரும் ஓடி நிக்கட்டும்."

பூவரசன் தலையை ஆட்டினார். "அது எழுதப் படிக்கிற சாமான். சரஸ்வதி வகை. புஸ்தகத்தை வச்சா மறுநாள்தான் எடுக்கணும்."

"லேத்துக்குப் பக்கத்துல இருக்கிற கம்ப்யூட்டர்தான் லேத்தையே ஓட்டுது."

"ஓட்டுது. ஆனா எழுத்து இருக்கே அதுல?"

கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. வெல்டர்கள் கருவி என்றார்கள். அலுவலகத்துப் பெண்கள் புத்தகம் என்றார்கள். லாரி டிரைவர் ஒருவர், போனும் கம்ப்யூட்டரும் ஒன்றுதான், போனைக் காலையிலிருந்து எல்லாரும் நோண்டிக்கொண்டிருக்கிறீர்கள் என்றார். அவரை யாரும் மதிக்கவில்லை. மணி ஒன்று.

சுண்டல் தின்றுகொண்டிருந்த ஸ்டோர்ஸ் இருதயமேரி கையை உதறினாள்.

"இதுக்கு ஏன் இவ்வளவு சண்டை? ஸ்டாக் ரெஜிஸ்டர்ல என்ன போட்டிருக்கோ அதுதான் அது."

எல்லாரும் பூஜை மேடையைப் பார்த்தார்கள். ஸ்டாக் ரெஜிஸ்டர் அங்கே இருந்தது. மேலே சந்தனம், அதன்மேல் ஒரு செவ்வந்தி. நாளைவரை திறக்க முடியாது.

"எனக்கு எதுக்குங்க அது?" என்றாள் இருதயமேரி. "பதினேழு வருஷமா நான் எழுதுறது. பேப்பர், பேனா, நோட்டு எல்லாம் எழுதுபொருள்ல வரும். கம்ப்யூட்டர் கருவிகள். ஸ்பானர் முடிஞ்சு அடுத்த பக்கம்."

"நெசமாவா?" என்றார் பூவரசன்.

"மாதா மேல ஆணையா."

"ஸ்பானருக்கு அடுத்தா?"

"ஸ்பானர், ஜாக்கி, கம்ப்யூட்டர்."

இருபத்தெட்டு வருடமாக பூவரசன் அந்த ரெஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டுத்தான் ஒரு திருகாணிகூட வாங்கியிருக்கிறார். அதை எதிர்த்துப் பேசி அவருக்குப் பழக்கமில்லை.

"அப்ப கருவிதான்," என்றார். "ஆனா ஒரு தடவை. ஓடி நிக்கணும். நடுவுல அணைச்சு அணைச்சு ஏத்துறது கிடையாது."

"ஒரு தடவை போதும்ணே."

"ஆரத்தி காட்டாம ஓடக் கூடாது. இரு."

கற்பூரத் தட்டோடு அவர் கணினி வரிசைகளில் நடந்தார். அங்கே இருந்தவை அறுபத்தொரு கணினிகள். ஒவ்வொன்றின் முன்னும் ஒரு சுற்று. மணி அடிக்க ஒருவர் பின்னால் போனார். முடிந்ததும் மெயின் ஏறியது.

*

முதல் கணினியின் முன் பூவரசனே உட்கார்ந்தார். திரை ஒளிர்ந்தது. ஒரு வட்டம் வந்தது. வட்டத்துக்குள் அவர் முகம் வரவேண்டும். வரவில்லை. வட்டம் முழுக்கச் செக்கச்செவேல் என்று இருந்தது.

முகம் தெரியவில்லை, என்றது கணினி.

அடுத்த கணினியிலும் அப்படியே. அதற்கடுத்ததிலும்.

சம்ரீன் மானிட்டரின் மேல்விளிம்பைப் பார்த்தாள். நடுவில், கேமரா இருக்கும் இடத்தில், சந்தனம். அதன்மேல் குங்குமம். கன கச்சிதமாக.

"யாரு பொட்டு வச்சது?"

காளியாயி முன்னால் வந்தாள். கம்பெனியைக் கூட்டித் துடைப்பவள். அன்று பட்டுச் சேலை.

"நான்தான் பாப்பா. ஏன், கோணலா இருக்கா?"

"கண்ணுலயே வச்சிருக்கீங்க அக்கா. அது கேமரா."

"கேமராவா? எனக்கு நெத்தி மாதிரி தெரிஞ்சுது. நடுவுல சின்னதா வட்டம் வேற போட்டிருந்துச்சு. இங்கதான் வைக்கணும்போலன்னு வச்சேன்."

"எல்லாத்துலயுமா?"

"ஒண்ணை விடுவனா? வருஷத்துல ஒரு நாள்."

சம்ரீன் கைக்குட்டையை எடுத்தாள். கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. பூவரசன் வாயைத் திறந்தார். அதற்குள் காளியாயி சம்ரீனின் கையைப் பிடித்துவிட்டாள்.

"அழிக்கக் கூடாது கண்ணு. வெறும் நெத்தியா விடக் கூடாது. நகத்தலாம். இரு, நான் பாத்துக்கிறேன்."

முந்தானையால் ஒரு துடை. ஒரு விரற்கடை தள்ளிப் புதுப் பொட்டு. துடைத்ததும் வைத்ததும் ஒரே அசைவாக இருந்தன. வெறும் நெற்றியாக எந்தக் கணினியும் இருக்கவில்லை. வட்டத்துக்குள் பூவரசனின் முகம் வந்தது. மீசையைத் தடவிக்கொண்டார். புள்ளி பச்சையானது.

அதன்பிறகு வரிசை ஓடியது. காளியாயி முன்னால் பொட்டு நகர்த்திக்கொண்டே போனாள். சம்ரீன் பின்னால் போனாள். இருதயமேரி பேர்ப்பட்டியலை மனப்பாடமாகச் சொல்லி ஆட்களை விரட்டினாள்.

"திட்டமிடல் பிரிவுல அடுத்தது யாரு? சுண்டலை அப்புறம் தின்னலாம், உக்காருங்க."

சமயபுரத்தில் மொட்டை போட்டுக்கொண்டு வந்திருந்த ஒரு வெல்டர் தயங்கி நின்றார்.

"மேடம், முடி மொளைச்சா இது என்னைய யாருன்னு கேக்குமா?"

"கேக்காது. மொளைக்க மொளைக்க அதுவும் பழகிக்கும்."

"என் மாமியாரே பழகல மேடம்."

ஒருவர் மனைவியையும் சேர்த்து வட்டத்துக்குள் உட்கார வைத்தார். இரண்டு முகம் தெரிகிறது என்று கணினி புகார் செய்தது. அந்த அம்மாள் எழுந்து நின்று, ஒருத்தர் முகத்துக்குத்தான் உங்க கம்பெனியில எடமா என்று கேட்டாள். பதிந்து முடிந்த ஒவ்வொரு கணினியையும் உரியவர் அணைத்தார். பூவரசன் பக்கத்தில் நின்று அணைகிறதா என்று பார்த்தார்.

நாலே கால் மணிக்கு அறுபத்தொரு பச்சை. ஒரு சிவப்பு.

மேனேஜர் ஆராவமுதனின் மடிக்கணினி. அவர் காலையில் வந்து தீபாராதனை பார்த்துவிட்டு ஸ்ரீரங்கத்துக்குத் திரும்பியிருந்தார். மடிக்கணினியைக் கொண்டுவரவில்லை.

சம்ரீன் போன் செய்தாள்.

"அது ஆத்துல பூஜையில இருக்கே சம்ரீன்," என்றார் அவர். "நாளைக்குக் கார்த்தால புனர்பூஜை பண்ணிட்டுத்தான் எடுக்கணும்."

"நான் வரேன் சார்."

"வாங்கோ, பேஷா வாங்கோ. ஆனா எடுக்கப்படாது."

*

பைபாஸில் போயிருக்க வேண்டும். பழக்கத்தில் ஊருக்குள் வந்துவிட்டாள். காந்தி மார்க்கெட் அருகே வாழைக்கன்றுகள் பாதிச் சாலையை எடுத்துக்கொண்டிருந்தன. பூசணிக்காய்கள் மீதிப் பாதியை. முன்னால் ஒரு ஆட்டோ, மாலையும் சந்தனமுமாக, கண்ணாடி தெரியாமல் நின்றது. இருபது நிமிடம் அங்கேயே போனது. காவிரிப் பாலம் ஏறும்போது ஐந்து மணி பத்து நிமிடம்.

உத்திர வீதியில் ஸ்கூட்டரை நிறுத்தியபோது ஐந்து இருபத்தெட்டு.

கூடத்தில் தாழ்வான பலகை. ஹயக்ரீவர் படம். அதன்கீழ் புத்தக அடுக்கு, மகளின் பாடப்புத்தகங்கள், ஒரு வீணை. அடுக்கின் உச்சியில் மடிக்கணினி. மேலே பட்டுத் துணி, மல்லிகைச் சரம்.

ஆராவமுதன் திருமண் இட்டு வெற்றுடம்போடு நின்றார். அலுவலகத்தில் கட்டம் போட்ட சட்டையில்தான் அவளுக்கு அவரைத் தெரியும். அவர் அவசரமாக அங்கவஸ்திரத்தைப் போர்த்திக்கொண்டார்.

"சார், ஆயுத பூஜைக்கு ஓடி நிக்கணும்னு பூவரசன் அண்ணனே சொல்லிட்டாங்க. ஸ்டாக் ரெஜிஸ்டர்ல கருவின்னுதான் இருக்கு."

"ஃபாக்டரியில கருவிதான். நான் மறுக்கலை. இங்கே புஸ்தகத்தோட சேத்து வச்சாச்சு. இன்னிக்குப் புஸ்தகத்தைத் தொடப்படாது, படிக்கப்படாது."

"ஆறு மணிக்குள்ள இது பதியலைன்னா நான் சென்னைக்குப் போகணும் சார்."

"உங்களுக்கென்ன சென்னையில வேலை?"

சொன்னாள். அவரிடம் இதை யாரும் சொல்லியிருக்கவில்லை. கடிதம் வந்திருந்தது. பூவரசனைப் போல அவரும் படிக்காமல் கையெழுத்துப் போட்டிருந்தார்.

உள்ளிருந்து அவர் மனைவி வேதவல்லி வந்தாள். வாசற்படியில் நின்று முழுவதையும் கேட்டிருந்தாள்.

"வச்சவா தொடப்படாது. அவ்வளவுதானே?" என்றாள்.

"அவ்வளவுதான்."

"இந்தப் பொண்ணு வைக்கலையே. அவ தொறக்கட்டும்."

"அது எப்படி? சாஸ்திரத்துல..."

"எந்த சாஸ்திரத்துல லேப்டாப் வருது? சொல்லுங்கோ, கேட்டுக்கறேன்."

ஆராவமுதன் யோசித்தார். நேர்மையான மனிதர். எதுவும் நினைவுக்கு வரவில்லை.

"இடத்தை விட்டு நகத்தப்படாது," என்றார் கடைசியாக.

"நகத்தலை சார்."

சம்ரீன் கை கழுவிவிட்டு வந்தாள். சரத்தை எடுத்து மாமியிடம் கொடுத்தாள். பட்டுத் துணியை மடித்தாள். அடுக்கின்மேல் இருந்தபடியே மூடியைத் திறந்து பொத்தானை அழுத்தினாள். தன் போனிலிருந்து இணையம் கொடுத்தாள். ஐந்து முப்பத்தாறு. கணினி புதிய மென்பொருளை ஏற்றத் தொடங்கியது. மூவரும் நின்று பார்த்தார்கள்.

ஐந்து நாற்பத்தாறுக்கு வட்டம் வந்தது. வட்டத்துக்குள் ஆராவமுதனின் வேட்டி தெரிந்தது.

"குனியுங்க சார்."

குனிந்தார். அங்கவஸ்திரம் தெரிந்தது.

"இன்னும்."

முழந்தாளிட்டார். முகம் வந்தது. பழக்கத்தில் இரு கைகளும் தாமாகக் குவிந்து முகத்துக்கு நேரே போய்விட்டன.

"கையை எறக்குங்க சார். மூக்கை மறைக்குது."

திரையில் எழுத்துகள் வந்தன. அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"என்ன சார்?"

"எழுத்து வரது. படிக்கப்படாதே."

"நான் சொல்றேன், நீங்க செய்ங்க. கண்ணைத் தொறங்க. எழுத்தைப் பார்க்காதீங்க. மேல அந்தச் சின்ன வட்டத்தைப் பாருங்க. இடது பக்கம் திரும்புங்க. வலது பக்கம். மெதுவா."

"பெருமாளைச் சேவிக்கறச்சேகூட நான் இப்படியெல்லாம் திரும்பினதில்லை."

"பேசாதீங்க சார், வாய் அசையுது."

வேதவல்லி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள். சிரிப்பு சமையலறையிலிருந்து கேட்டது.

கணினி சுற்றிக்கொண்டே இருந்தது. சம்ரீன் போனைப் பார்த்தாள். ஐந்து ஐம்பத்திரண்டு. ஐம்பத்து மூன்று. ஆராவமுதன் அசையாமல் மண்டியிட்டிருந்தார். முழங்கால் வலித்திருக்கும். அவர் சொல்லவில்லை.

ஐம்பத்து நாலில் புள்ளி பச்சையானது.

"எழுந்துக்கலாமா?"

"எழுந்துக்குங்க சார்."

அணைத்தாள். மூடினாள். பட்டுத் துணியைப் போர்த்தினாள். ஆராவமுதன் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

போன் அடித்தது. நவநீதன்.

"பார்த்தேன். அறுபத்திரண்டு. எப்படிங்க?"

"எல்லாரும் பூஜைக்கு வந்திருந்தாங்க சார். உக்கார வச்சேன்."

"இங்க முன்னூறுல நூத்தித் தொண்ணூறு சிவப்பு. லீவுன்னு லேப்டாப்பை அணைச்சு வச்சுட்டு ஊருக்குப் போயிட்டாங்க. ஒருத்தனும் போனை எடுக்கலை. இன்னும் அஞ்சு நிமிஷத்துல பூட்டிடும்."

"அச்சச்சோ."

"சிரிக்கிறீங்க."

"இல்ல சார்."

"சிரிங்க. எல்லாத்தையும் சென்னையிலேர்ந்தே பார்த்துடலாம்னு சொன்னவர் லேப்டாப்பும் சிவப்புதான். மேல என்ன பேசணும்னு எனக்கு இப்ப நல்லாத் தெரியும். நீங்க எங்கயும் வர வேண்டாம். அங்கயே இருங்க."

சம்ரீன் தூணில் சாய்ந்தாள். "சரி சார்."

"ஆனா ஒரு உதவி. இந்த நூத்தித் தொண்ணூறையும் நாளைக்கு நீங்க அங்கிருந்தே கொஞ்சம் எடுத்து..."

"நாளைக்கு லீவு சார்."

"ஆமால்ல. அப்ப வெள்ளிக்கிழமை?"

"வெள்ளிக்கிழமை ஜும்மா முடிஞ்சு எங்க வீட்டுல விருந்தாளி வராங்க. காலையில பார்க்கலாம். பட்டியலை அனுப்பி வைங்க."

"அனுப்புறேன் மேடம்," என்றார் நவநீதன். நான்கு வருடத்தில் அவர் அவளை மேடம் என்றது அதுதான் முதல் தடவை.

வேதவல்லி காபியைக் கொண்டுவந்து நீட்டினாள். சம்ரீன் போனை வைத்துவிட்டு, காலையிலிருந்து முதல்முறையாக, உட்கார்ந்தாள்.